வீட்டினுள் ஓர் இருப்புப்பாதை

சாவி கொடுத்தவுடன் தரையில் வட்டமிட்டு ஓடும் பொம்மை வண்டியைக் கண்டு மகிழாத சிறுவர் அரியர். அது விளையாட்டுப் பொருள். அதன் சக்கரம் பெரிதா, புகைபோக்கி சிறிதா என்று எவரும் அளந்து பார்ப்பதில்லை. மாதிரி இருப்புப்பாதை என்பது அதனின் வேறானது. உண்மையான ஓர் இருப்புப்பாதையை அதன் நிலையம், கைகாட்டி, பாலம், சுற்றுப்புறம் ஆகியவற்றோடு ஒரே விகிதத்தில் சுருக்கி, வீட்டின் ஓர் அறையில் வண்டி ஓடுமாறு அமைப்பதே மாதிரி இருப்புப்பாதை. ‘ஒரே விகிதத்தில்’ என்று சொல்வது எளிது, செய்வது எளிதன்று. எதனைச் சுருக்கலாம், எதனைச் சுருக்க இயலாது, எதனை அறவே விட்டுவிடலாம் என்று தீர்மானிப்பதிலேதான் அமைப்பவனின் உழைப்பில் பெரும்பகுதி செல்கிறது.

ஜெர்மனி நாட்டு மார்க்லின் நிறுவனம் 1891-ஆம் ஆண்டில் லைப்சிக் நகரச் சந்தையில் தண்டவாளத்தோடு கூடிய சிறு வண்டிகளைக் காட்சிக்கு வைத்தது; தடங்களுக்கு நிலையான அகலங்களையும் வகுத்தது. இங்கிலாந்தில் லிவர்ப்பூல் நகரத்து ஃபிராங்க் ஹார்ன்பி 1920-இல் சாவி வண்டிகளை விற்பனைக்குக் கொணர்ந்தார். 1935-இல் 16.5 மி.மீ. அகலத் தடத்தில் மின்சாரத்தால் ஓடும் சிறு வண்டிகள் ஜெர்மனியில் வெளிவந்த பின்னரே, சாப்பாட்டு மேசையின் அளவுள்ள இடத்திலும் ஓர் இருப்புப்பாதையை அமைக்கலாம் என்ற நிலை பிறந்தது. நம் நாட்டில் புணே நகரைச் சேர்ந்த பி. எஸ். ஜோஷி என்பவர் இதனைப் பல்லாண்டுப் பொழுதுபோக்காகக் கொண்டிருந்தார். அவருடைய சிறு நகரமும் அதனூடே ஓடும் வண்டிகளும் 1998-இல் கோத்ருடு பகுதியில் பொதுமக்கள் காணும் அருங்காட்சியகம் ஆயின.

தமிழ்நாட்டு மாணவன் ஒருவன் இவ்வேலையைத் தொடங்க விரும்பினால், அவன் அயல்நாட்டுப் பனிமலையையும் ஓட்டுக் கூரைச் சிற்றூரையும் படத்தில் பார்த்துச் செய்ய வேண்டுவதில்லை. கண்ணால் கண்ட இடமே தக்கது. சென்னையிலிருந்து திருத்தணிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கனகம்மாசத்திரம் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் இரயில் நிலையம் இல்லை. ஆயினும் அவ்வூர் இரு பெரும் பாதைகளுக்கு இடைப்பட்ட கோணத்தில் அமைந்துள்ளது. தெற்கே திருவாலங்காடு வழியாக அரக்கோணம் செல்லும் பாதை ஒன்று. அரக்கோணத்திலிருந்து வடக்கே திரும்பித் திருத்தணி, ரேணிகுண்டா வழியாகச் செல்லும் பாதை மற்றொன்று. முன்னது, இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை 1856-இல் திறக்கப்பட்ட, தென்னிந்தியாவின் முதற்பயணிகள் பாதையின் பகுதி. பின்னது, 1871-இல் இராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்த நெடும்பாதையின் பகுதி. கனகம்மாசத்திரத்து மாணவன் இவற்றுள் திருத்தணிப் பகுதியைத் தேர்ந்துகொண்டான் என வைத்துக்கொள்வோம்.

முதலில் விகிதம். உலகில் மிகுதியாகப் பயன்படுவது எச்.ஓ. எனப்படும் அளவு, அதில் 87 அடி ஓர் அடியாகும். இங்கே முதல் முட்டுக்கட்டை எதிர்ப்படுகிறது. இந்திய அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு 1,676 மி.மீ. அதனை 87 ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வரும். கடைகளில் கிடைக்கும் தடமோ, ஐரோப்பியரின் 1,435 மி.மீ. பாதையைச் சுருக்கிய 16.5 மி.மீ. தடமே. அத்தடத்தின் மேல் இந்திய வண்டியை வைத்தால், அகன்ற உடலுக்குக் குறுகிய கால்கள் அமைந்தாற்போல் தோன்றும். தண்டவாளத்தைத் தானே 19.3 மி.மீ. இடைவெளியில் பதித்து, அச்சுகளையும் நீட்டிக்கொள்வோர் சிலர் உண்டு. மிகப் பலர் அவ்வாறு செய்வதில்லை. பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்கு இக்குறை புலப்படாது என்பதால், தொடக்கநிலையினர் இதனைப் பொறுத்துக்கொள்வதே நன்று.

அடுத்தது நீளம். அரக்கோணத்திலிருந்து திருத்தணி சுமார் 13 கி.மீ. இதனை 87 ஆல் வகுத்தாலும் 149 மீட்டர்! ஒரு தெருவின் நீளம் அது, அறைக்குள் அடங்காது. கடையில் வாங்கும் ஒட்டுப்பலகை 244 செ.மீ. நீளமும் 122 செ.மீ. அகலமும் உடையது. அதன்மேல் 46 செ.மீ. ஆரமுள்ள அரைவட்டங்கள் இரண்டையும் நேர்த்தடங்கள் இரண்டையும் சேர்த்து நீள்வளையம் ஒன்று அமைத்தால், அதன் சுற்றளவு சுமார் 5.3 மீட்டர் வரும். பெரம்பூர்ப் பெட்டித் தொழிற்சாலையில் 1955 முதல் உருவான பெட்டி ஒன்று ஏறத்தாழ 22.3 மீட்டர் நீளமுடையது, மாதிரியில் 25.6 செ.மீ. இருபது பெட்டிகளையும் இயந்திரத்தையும் கோத்தால் வண்டியின் நீளமே 5.3 மீட்டரைத் தாண்டும். இயந்திரம் தன் கடைசிப் பெட்டியின் மேலேயே முட்டி நிற்கும்! ஆதலின் ஐந்து பெட்டிகளே போதும். பெட்டிகளின் தொகை குறைந்தால் நடைமேடையும் அதற்கேற்பக் குறைதல் வேண்டும். இங்ஙனம் ஒன்றைக் குறைத்தால் அதனைச் சார்ந்த பிறவற்றையும் குறைத்தாக வேண்டும்.

வளைவிலும் இதே இடர் உண்டு. இந்திய அகலப்பாதையில் மிகக் கூரிய வளைவின் ஆரம் 175 மீட்டர். சுருக்கினால் இரண்டு மீட்டர். நம் பலகையில் உள்ளதோ அரை மீட்டருக்கும் குறைவு. உண்மை வண்டியை இத்தகைய வளைவில் செலுத்தினால் அது தடம் புரளும். மாதிரி வண்டி ஓடும். ஆனால் அதன் நீண்ட பெட்டிகள் வளைவின் உட்புறம் விலகித் தொங்குவது கண்ணை உறுத்தும். அனுபவமுடையோர் அவ்வளைவை ஒரு குன்றின் பின்னோ குகையினுள்ளோ மறைத்துவிடுகின்றனர். திருத்தணி மலை இதற்கென்றே வாய்த்தது போல் இருக்கிறது.

பலகையை வாங்கியவுடன் தண்டவாளத்தைப் பதித்தல் கூடாது. நம் நாட்டில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையில் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும், கோடையில் சுருங்கும். அதன்மேல் இறுகப் பதித்த தடம் நெளியும். இருபுறமும் வண்ணெய் பூசி, அடியில் சட்டங்கள் அறைந்து, கால்களைக் கறையான் அணுகாதவாறு காத்தபின், தண்டவாளத் துண்டுகளின் இணைப்புகளில் தாள் நுழையும் அளவு இடைவெளி விட்டுப் பதித்தல் வேண்டும். வெளிநாட்டு நூல்களில் இக்குறிப்புகள் அழுத்தமாகச் சொல்லப்படுவதில்லை. அந்நாட்டு அறைகளின் தட்பவெப்பம் வேறு.

மின்னோட்டம் செல்லும் முறை எளியது, அறிய வேண்டுவது. வீட்டு மின்சாரம் ஒரு மின்மாற்றியில் குறைக்கப்பட்டு 12 வோல்ட்டு நேர்மின்னோட்டமாக மாற்றப்படுகிறது. ஒரு தண்டவாளம் நேர்முனை, மற்றொன்று எதிர்முனை. ஒருபுறச் சக்கரங்கள் மின்சாரத்தை வாங்கி இயந்திரத்தினுள் இருக்கும் சிறு மோட்டாருக்குக் கொடுக்க, மறுபுறச் சக்கரங்கள் அதனைத் திருப்பிவிடுகின்றன. இரண்டும் ஒரே அச்சில் இருப்பதால், இடையே மின்கடத்தாப் பொருள் இல்லையேல் மின்சாரம் மோட்டாருக்குச் செல்லாமல் அச்சின் வழியே குறுக்கே பாய்ந்துவிடும். முனைகளை மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடும். தடத்தில் தூசு படிந்தால் வண்டி திக்கித் திக்கி நிற்கும். சாராவியில் நனைத்த துணியால் துடைப்பதே மருந்து. ஓடும் வண்டியைத் திருப்பி அனுப்பும் எண்ணத்துடன் தடத்தைக் கொண்டைஊசி போல் வளைத்து அதே தடத்தில் சேர்ப்பவன் வியப்படைவான். அங்கே நேர்முனைத் தண்டவாளம் எதிர்முனைத் தண்டவாளத்தைத் தொட்டுவிடுகிறது. அவ்வளைவின் இருமுனைகளிலும் தண்டவாளத்தை அறுத்து இடைவெளி விட்டு, அப்பகுதிக்குத் தனி விசை அமைத்தல் வேண்டும். இக்காலத்தில் ஒவ்வோர் இயந்திரத்திலும் எண்ணிட்ட சிறு மின்னணுச் சில்லைப் பொருத்தி, ஒரே தடத்தில் பல வண்டிகளைத் தனித்தனியே ஏவும் முறையும் உண்டு, விலை மிகுதி.

நீளம் 87-இல் ஒரு பங்காகும்போது எடை எவ்வாறு குறையும்? நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால், 87-ஐ மும்முறை பெருக்கி வரும் 6,58,503-இல் ஒரு பங்காகக் குறையும். 123 டன் எடையுள்ள டபிள்யூ.ஏ.பி.-7 மின்சார இயந்திரம், மாதிரியில் 187 கிராமே இருத்தல் வேண்டும். அவ்வளவு இலேசான இயந்திரத்தின் சக்கரங்கள் பிடிப்பின்றி வழுக்கும். எனவே செய்வோர் உள்ளே ஈயத்தையோ இரும்பையோ வைத்து எடையைக் கூட்டுகின்றனர். விதியை மீறுவதே ஈண்டுச் சரியான செயல் ஆகிறது. வேகத்தில் மட்டும் மீறலாகாது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி மாதிரியில் நொடிக்கு 25 செ.மீ. அளவே நகர வேண்டும். பெரும்பாலோர் விசையை முழுவதும் திருப்பி நொடிக்கு ஒரு மீட்டர் ஓட்டுகின்றனர். அது மணிக்கு 313 கி.மீ. வேகத்துக்கு ஒப்பாகும். அங்ஙனம் ஓடும்போது எத்துணை நுட்பமாகச் செய்த வண்டியும் மீண்டும் பொம்மையாகிவிடுகிறது.

இனி மலை. தொடக்கநிலையினர் பலர் வண்டி மலைமேல் ஏற வேண்டும் என்று ஆசைப்படுவர். திருத்தணியில் நிலையம் மலையடி நகரில் உள்ளது. பாதை சமவெளியிலேயே செல்கிறது. நீலகிரி மலைப்பாதையில் ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம் இருப்பதால், நடுவே பற்களுள்ள தண்டவாளம் வைத்துப் பற்சக்கரத்தால் ஏறுகின்றனர். வழுவழுப்பான தடத்தில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் ஏற்றம் வைத்தால் மாதிரி வண்டி திணறும். வண்டியை அடிவாரத்திலேயே விட்டுவிட்டு, மலையைப் பின்னணியாக எழுப்புவதே முறை.

கோயிலுக்கு 365 படிகள். படி ஒன்று 15 செ.மீ. உயரமெனக் கொண்டால் மாதிரியில் 1.7 மி.மீ.; தடித்த அட்டையின் கனம். அத்தனையும் அடுக்கினால் 63 செ.மீ. உயரம் வரும், பலகையின் அகலத்தில் பாதிக்கும் மேல். அவ்வுயரம் நிலையத்தையே விழுங்கிவிடும். அறுபது அல்லது எழுபது படிகள் வைத்து, சரிவின் சாய்வையும் இடையிடையே உள்ள மண்டபங்களையும் மாறாமல் அமைத்தால், காண்போர் திருத்தணி என்றே சொல்வர். படிகளை எவரும் எண்ணுவதில்லை. சாய்வு பிழைத்தாலோ உடனே கண்டுகொள்வர். கம்பிவலையை வளைத்து, அதன்மேல் பழைய செய்தித்தாளைப் பசையில் தோய்த்து ஒட்டி, காய்ந்தபின் சுண்ணப்பொடி பூசினால் பாறை கிடைக்கும். வண்ணம் தோய்த்த மரத்தூள் புல்லாகும். துவாலைத் துணி நெல்வயலாகும். குச்சியின் நுனியில் தேங்காய் நாரைக் கட்டினால் பனை; 15 மீட்டர்ப் பனைக்கு 17 செ.மீ. குச்சி வேண்டும். நடைமேடையில் நிற்கும் ஆள் 1.9 செ.மீ. உயரத்துக்கு மேற்படலாகாது. இவற்றுள் ஒன்றுக்கேனும் கடைக்குச் சென்று பெரும்பொருள் செலவிட வேண்டுவதில்லை.

அமைத்து முடித்த பின்னரும் வண்டியைச் சுற்றிச்சுற்றி விடுவதோடு நின்றால் சில நாளில் சலிப்புத் தட்டும். நிலையத்துக்கு ஒரு கால அட்டவணை எழுதி, இருவர் இரு நிலையங்களுக்கும் பொறுப்பேற்று, முன்சென்ற வண்டி அடுத்த நிலையத்தை அடையும் வரை அதே தடத்தில் பின்வண்டியை விடலாகாது என்ற விதியைக் கைக்கொண்டால், கைகாட்டி எதற்கு என்பது விளங்கும். சரக்கு வண்டியைப் பக்கத் தடத்தில் ஒதுக்கி விரைவு வண்டிக்கு வழிவிடும் வேலை, சதுரங்க ஆட்டத்தைப் போல் சிந்தனையை ஈர்ப்பது.

மாதிரி இருப்புப்பாதைக்கு மற்றொரு பயனும் உண்டு. உண்மையில் மறைந்துவிட்டதை அது வைத்திருக்கும். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931-இல் மீட்டர் பாதையில் மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. 2004-இல் அவை நின்றன. தென்னாட்டின் மீட்டர் பாதைகளுள் மிகப் பல அகலப்பாதைகளாக மாற்றப்பட்டுவிட்டன. வியப்பென்னவெனில், மீட்டர் பாதையின் 1,000 மி.மீ. அகலத்தை 87 ஆல் வகுத்தால் 11.5 மி.மீ. வருகிறது, 12 மி.மீ. தடம் கடைகளில் கிடைப்பதே. இன்று ஓடும் அகலப்பாதையைவிட, மறைந்த பாதையையே வாங்கிய தடத்தில் உண்மைக்கு நெருங்க அமைக்கலாம். அளவுகளுக்குப் பழைய வரைபடங்களும் நிழற்படங்களும் உதவும். பழைய படங்களுட் பல கறுப்பு வெள்ளையில் அமைந்தவை. பெட்டிகளின் வண்ணம் அவற்றில் தெரியாது. அவ்வண்டிகளில் நாள்தோறும் பயணம் செய்த முதியோர் அநேகமாக ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றனர். வண்ணக் குழம்பைக் கலக்குமுன் அவர்களிடம் சென்று கேட்டு எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.