பரண் சாமான் போட்ட சோறு!

என் தோழியின் கதையை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

நானும் அவளும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். 2021-ல் அவள் கணவர் திடீரென்று காலமாகிவிட்டார். கையில் இரண்டு பெண் குழந்தைகள், வயதான மாமியார். மறு வருஷம் சிவகங்கைப் பக்கம் இருந்த மாமனார் வீட்டை விற்றுப் பங்கு பிரித்தார்கள். கடனுக்குப் போக மீந்தது சொற்பம். ஆனால், வீட்டில் கிடந்த பழைய சாமான்களை மட்டும் யாரும் பங்கு கேட்கவில்லை. "இந்தக் கண்டாமுண்டா சாமானெல்லாம் நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டார்கள்.

காயலான் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, மொத்தத்துக்கும் 4,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். இவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள். நல்லவேளை, அன்று நான் அங்கே இருந்தேன். பரணில் சாய்வு நாற்காலி, பித்தளைப் பூண் போட்ட மரப்பெட்டி, எனாமல் டிபன் கேரியர், அஞ்சறைப் பெட்டி, பல்லாங்குழி எல்லாம் ஒட்டடையோடு கிடந்தன. "ரெண்டு நாள் பொறுடி" என்று சொல்லி, அவளைக் காரைக்குடிக்குக் கூட்டிப் போனேன்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெரு என்று ஒன்று இருக்கிறது. பழைய பொருள் கடைகளுக்குப் பேர் போன தெரு. பர்மா, மலேயா என்று கடல் கடந்து வியாபாரம் செய்த நகரத்தார், பர்மா தேக்கும் ஐரோப்பா, ஜப்பான் நாட்டு எனாமல் பாத்திரங்களுமாகக் கொண்டுவந்து வீடு வீடாக நிரப்பினார்கள். 1942-ல் பர்மா ஜப்பான்காரர்கள் கைக்குப் போனது. அங்கிருந்த தொழிலும் சொத்தும் நொடித்தன. பின்னாளில் பெரிய வீடுகள் பலவற்றிலிருந்து சாமான்கள் விலைக்கு வந்தன. அப்படி வந்தவைதான் இந்தக் கடைகளில் குவிந்து கிடக்கின்றன.

ஒரு கடையில் நாங்கள் பார்த்த மரப்பெட்டி, அப்படியே அவள் வீட்டுப் பெட்டிதான்! "என்ன விலைங்க?" என்று கேட்டோம். காயலான் கடைக்காரர் மொத்தத்துக்கும் சொன்னதைவிட, அந்த ஒரு பெட்டியின் விலை அதிகம். தோழி என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டோம். மதுரையில் ஒரு சின்னக் கடை!

கடைக்கு முன்பணம் 60,000 ரூபாய் கேட்டார்கள். வங்கியில் முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் கடன் கிடைத்தது. 'உத்யம்' பதிவு செய்துதர ஓர் ஆள் 1,500 ரூபாய் கேட்டார். விசாரித்தால், அந்தப் பதிவு முழுக்க இலவசம்! தோழியின் மூத்த பெண்ணே கம்ப்யூட்டரில் செய்து முடித்தாள். மீதிக்கு என் சீட்டுப் பணம் 40,000 ரூபாயைக் கொடுத்தேன்.

என் கணவர், "சிநேகிதிக்குப் பணம் கொடுத்தா பணமும் போகும், சிநேகிதமும் போகும்" என்றார். அதனால் எவ்வளவு கொடுத்தேன், எப்போது திருப்ப வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து கேட்டேன். தோழிக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னை நம்பலையாடி?" என்று கேட்டவள், பத்து நாள் பேசவே இல்லை. எனக்கும் இரவெல்லாம் தூக்கமில்லை. பதினோராம் நாள் அவளே கையெழுத்துப் போட்ட தாளோடு வந்தாள். "வீட்டைப் பங்கு பிரிச்சப்போ எல்லாம் வாய்ப் பேச்சாவே போயி, ஏமாந்து நின்னேன். நீ எழுதச் சொன்னதுதான் சரி" என்றாள். இரண்டு பேரும் அழுதுவிட்டோம்.

அடுத்து மரச்சாமான் வேலை. முதலில் உளு இருக்கிறதா என்று பார்த்தோம். பொருளுக்கு அடியில் வெள்ளைத் தாளை விரித்துப் பத்து நாள் விட்டால், தாளில் புது மரத்தூள் கொட்டுகிறதா என்று தெரிந்துவிடும். கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அதை மற்ற சாமான்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. யாரோ பச்சை பெயின்ட் அடித்து வைத்திருந்த முக்காலியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். உள்ளே அசல் தேக்கு! ஆசாரி ஒருவர் அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, துணியால் பூசிப் பளபளப்பாக்கிக் கொடுத்தார். பித்தளைக்குப் புளி போதும். அவசரப்பட்டு ஒரு விளக்கை ஆசிட்டில் கழுவி, நிறத்தையே கெடுத்தேன். அது என் கைங்கரியம்!

கடை திறந்தது 2023-ல். நாற்காலி, பெட்டி எல்லாம் மாதத்துக்கு ஒன்றிரண்டுதான் போகும். வாடகைக்கு என்ன செய்வது? அதற்குத்தான் பரிசுப் பொருள்களைச் சேர்த்தோம். செட்டிநாட்டு ஓலைக் கொட்டான், தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை, பத்தமடைப் பாய், மரச் செப்பு சாமான் எல்லாம் வைத்தோம். நவராத்திரி, கல்யாண சீசனில் கொட்டான்தான் வாடகையைக் கொடுக்கிறது.

ஒரு சமயம், விளக்கு வைத்த நேரத்தில் ஓர் ஆள் துணியில் சுற்றிய சின்ன உலோகச் சிலையைக் கொண்டுவந்தான். அடிமாட்டு விலை சொன்னான். அந்த மாதம் வாடகை பாக்கி வேறு. தோழி ஒரு நிமிஷம் தடுமாறினாள். நான் பேசுவதற்குள் அவளே, "எந்தக் கோவில் சாமியோ, எனக்கு வேண்டாம்பா" என்று கைகூப்பிவிட்டாள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள்களை வியாபாரம் செய்ய, 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி உரிமம் வேண்டும். சிலைத் திருட்டைப் பிடிக்கவே தமிழகத்தில் 1983 முதல் தனி போலீஸ் பிரிவு இருக்கிறது. தந்தப் பொருள் விற்பதும் குற்றம். மாமனாரின் தந்தப் பிடி போட்ட பேனாக்கத்தியை அதனால்தான் கடையில் வைக்கவில்லை. இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் சகோதரிகள் இதையெல்லாம் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

"குடும்பச் சொத்தைத் தெருவுல வச்சு விக்கிறதா?" என்று ஆரம்பத்தில் சாப்பிடாமல் படுத்துக்கொண்டவர் தோழியின் மாமியார். இப்போது தினமும் சாயங்காலம் கடைக்கு வந்து, மாமனாரின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். அதை மட்டும் விற்பதில்லை. ஒவ்வொரு பொருளும் எதற்குப் பயன்பட்டது என்று அவர் கதை சொல்லச் சொல்ல, வாடிக்கையாளர்கள் நகர மாட்டேன் என்கிறார்கள். "அத்தைதான் என் கடையோட விளம்பரம்" என்று சிரிக்கிறாள் தோழி.

என் 40,000 ரூபாயும் போன தைக்குள் வந்து சேர்ந்துவிட்டது. அந்தத் தாளைக் கிழிக்கப் போனேன். "கிழிக்காதே, கடையில மாட்டி வைப்போம்" என்றாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை ஏறிப் பாருங்கள். எடைக்குப் போடுமுன் நாலு இடத்தில் விலை கேளுங்கள். தோழிக்கு உதவுவதென்றால் மனசாரச் செய்யுங்கள். ஆனால், கணக்கை எழுதி வையுங்கள். என்ன, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, மதுரை.