உப்பும் சீனியும் யார் கையில்?

பினாங்கு என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சாப்பாடுதான். ஜோர்ஜ்டவுனில் பினாங்கு வீதியிலிருந்து சூலியா வீதி வரை நடந்தாலே போதும். தோசையும் ரொட்டி சானாயும் மீ கோரிங்கும் நாசி கண்டாரும் வாசனையால் வழி மறிக்கும். இத்தனை உணவு கிடைக்கும் ஊரிலும் பிள்ளைகள் கேட்பது பர்கரும் பொரித்த கோழியும். வீட்டு அலமாரியில் உடனடி மீ பொட்டலங்கள், குளிர்பெட்டியில் நகெட்டும் சொசேஜும் இருக்கின்றன. என்றாவது ஒரு நாள் சாப்பிட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். என்றாவது ஒரு நாள் என்பது வாரத்தில் நான்கு நாளாகிவிட்டதுதான் சிக்கல்.

சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் அது 31.4 விழுக்காடு. அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவர். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டில் வயது வந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர், 54.4 விழுக்காட்டினர், அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள் என்று தெரிய வந்தது. கால் விரலை எடுத்தவர், வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர் என்று நம் உறவுக்காரர்களில் ஒருவராவது இல்லாத குடும்பம் குறைவு. பரம்பரையும் இதற்கு ஒரு காரணம்தான். ஆனால் பரம்பரையை மாற்ற முடியாது, தட்டை மாற்றலாம்.

துரித உணவு நேற்று வந்ததல்ல. கோலாலம்பூரில் 1963இல் ஏ அண்ட் டபிள்யூ, 1973இல் கே.எஃப்.சி., 1982இல் மெக்டொனால்ட்ஸ் முதல் கடைகளைத் திறந்தன. ஜோர்ஜ்டவுனைத் தளமாகக் கொண்ட பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகச் சீனி, உப்பு, துரித உணவு ஆகியவை பற்றி எச்சரித்து வருகிறது. 2019இல் மறையும் வரை அதன் தலைவராக இருந்த எஸ்.எம். முகமட் இட்ரிஸ் இதைச் சலிக்காமல் சொல்லி வந்தார். சங்கத்தின் வெளியீடுகள் தமிழிலும் வந்தன. செய்தி நம் வீடுவரை வந்தும் பழக்கம் ஏன் மாறவில்லை?

நேரம் இல்லை என்பதே பெரும்பாலோர் சொல்லும் காரணம். அது பொய்யல்ல. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து பாலத்து நெரிசலில் சிக்கி வீடு வரும் தாய்க்கு, மூன்று நிமிடத்தில் வேகும் மீ பொட்டலம் பெரிய உதவியாகத்தான் தெரியும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த மூன்று நிமிடத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் பயன்.

அளவு கைமாறும் இடம்

வீட்டில் குழம்பு வைத்தால் உப்பைப் போடுவது நம் கை. அங்காடிக் கடையில் சாப்பிட்டாலும் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியும். பொட்டலத்தில் அப்படி இல்லை. உப்பு, சீனி, எண்ணெய் எவ்வளவு என்பதைத் தொழிற்சாலை முன்பே முடிவு செய்துவிட்டது. துரித உணவுக் கடையின் பொரித்த கோழியும் முன்பே மசாலா ஊறி வந்ததுதான். ‘உப்பைக் குறையுங்கள்’ என்று அங்கே யாரிடமும் கேட்க முடியாது.

உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது. அது ஒரு தேக்கரண்டி அளவு. அதில் இருக்கும் சோடியம் சுமார் 2,000 மில்லிகிராம். பல உடனடி மீ பொட்டலங்களில் ஒன்றில் மட்டுமே 1,000 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் உண்டு. பசியாறும்போதே அந்த நாளுக்கான உப்பில் பாதி முடிந்துவிடுகிறது. சொசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் வகைப்படுத்தியது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 விழுக்காடு கூடும் என்பது அதன் கணிப்பு.

உப்பும் சீனியும் மட்டுமே பிரச்சினை என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரைத் தங்க வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. இரண்டு வாரம் மிகவும் பதப்படுத்தப்பட்ட உணவும், இரண்டு வாரம் சாதாரண உணவும் கொடுத்தார்கள். பரிமாறிய உணவில் சீனி, உப்பு, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சம அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு உண்ட நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். இரண்டே வாரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடையும் ஏறியது. வேகமாகவும் சாப்பிட்டார்கள். எவ்வளவு சாப்பிடுவது என்பதும் அங்கே நம் கையை விட்டுப் போகிறது.

நம் உணவும் தப்பவில்லை

பர்கரை விட்டுவிட்டு நம் சாப்பாட்டுக்கு வந்துவிட்டால் போதுமா? நாசி கண்டாரை எடுத்துக்கொள்வோம். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் சோற்றையும் குழம்பையும் காவடித் தடியில் தூக்கிச் சென்று விற்ற உணவு அது. ‘கண்டார்’ என்ற பெயரே அந்தத் தடியால் வந்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களுக்கு அந்தச் சோறு வேண்டியிருந்தது. மூட்டை தூக்கும் வேலை போய்விட்டது, தட்டின் அளவு குறையவில்லை. நாள் முழுவதும் நாற்காலியில் இருப்பவரும் குழம்பு வெள்ளமாகத்தான் கேட்கிறார். கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும் அப்படியே.

ஆனால் இங்கே அளவை மாற்ற வழி உண்டு. சோறு பாதி, குழம்பு தனியாக, பொரித்த கோழிக்குப் பதில் மீன் குழம்பு, கூடவே வெண்டைக்காய். தேநீருக்கு ‘சீனி குறைச்சல்’ அல்லது ‘கோசோங்’. கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுகு சுகு செபாரோ’ முறையும் இதுதான். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு, பாதித் தட்டு காய்கறியும் பழமும்.

பொட்டலத்தின் பின்பக்கம்

பேரங்காடியில் பொட்டலத்தின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் விவரம். சேர்மானங்கள் அளவு அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுதப்பட்டிருக்கும். மலாயில் ‘குலா’ என்றால் சீனி, ‘காராம்’ என்றால் உப்பு. இவை முதல் மூன்றுக்குள் வந்தால் யோசிக்க வேண்டும். குளுக்கோஸ் பாகு, பிரக்டோஸ் என்ற பெயர்களில் வருவதும் சீனிதான். 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சீனி என்று போட்டிருக்கும் பானத்தில், 320 மில்லிலிட்டர் டின்னில் 32 கிராம் இருக்கிறது. ஆறு தேக்கரண்டிக்கு மேல். அத்தனை சீனியை ஒரு குவளை கோப்பியில் போட்டுக் கொடுத்தால் யாராவது குடிப்பார்களா?

சீனி பானங்களுக்கு அரசாங்கம் 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது. 2024இல் அது 50 சென்னாகவும் 2025இல் 90 சென்னாகவும் உயர்ந்தது. வரி ஓரளவு தடுக்கும். வாங்குவதா வேண்டாமா என்பது வாங்குகிறவர் முடிவு.

வாரத்தில் இரண்டு மணி நேரம்

தினமும் முழுச் சமையல் முடியாதவர்கள் விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம். தோசை மாவு அரைத்து வைப்பது, பருப்பு வேக வைத்துப் பிரித்து வைப்பது, கோழியை மசாலா தடவி உறையவைப்பது என்று வேலையை முன்கூட்டியே முடித்துக்கொள்ளலாம். ஊறவைத்த பச்சைப்பயறு சுண்டலாக அதிக நேரம் ஆகாது. முட்டையும் கீரையும் பத்து நிமிட வேலை. மீ இல்லாமல் முடியாது என்றால் தூள் பொட்டலத்தில் பாதியை மட்டும் போட்டு, முட்டையும் சவியும் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டுக் குழம்பிலும் சுவைக் கட்டியையும் கிச்சாப்பையும் தாராளமாகப் போட்டால் தொழிற்சாலை உப்பு பின்வாசல் வழியாக வந்துவிடும்.

நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் உணவைத் திடீரென்று குறைக்கக் கூடாது. மருத்துவரைக் கேட்டே மாற்ற வேண்டும்.

பிள்ளைகளிடம் தடை போட்டால் பலன் குறைவு. அவர்களையே பயறு ஊறவைக்கச் சொல்லலாம், கடையில் லேபலைப் படிக்கச் சொல்லலாம். பத்து வயதில் ‘இதில் எத்தனை கரண்டி சீனி?’ என்று கேட்கப் பழகிய பிள்ளை, நாற்பது வயதில் மருத்துவமனை வரிசையில் நிற்கும் வாய்ப்பு குறைவு. உப்பும் சீனியும் மறுபடி நம் கைக்கு வர வேண்டும் என்றால், அதற்கான முதல் இடம் நம் வீட்டு அடுப்படிதான்.