நான்காவது இடத்தில் கூடைப்பந்து!

46 ஆண்டுகள், ஒரே பள்ளி, 1,274 வெற்றிகள், 192 தோல்விகள். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை ஒட்டியுள்ள ஹயட்ஸ்வில் என்ற ஊரில் இருக்கிறது டிமாத்தா கத்தோலிக்க ஆண்கள் உயர்நிலைப்பள்ளி. அங்கு 1956 முதல் 2002 வரை கூடைப்பந்துப் பயிற்றுநராக இருந்த மோர்கன் வூட்டனின் கணக்கு இது.

இத்தனை வெற்றிகளைக் குவித்தவர், மாணவர்களின் வாழ்க்கையில் கூடைப்பந்துக்கு ஒதுக்கிய இடம் எது தெரியுமா? நான்காவது! முதலில் கடவுள், அடுத்து குடும்பம், பிறகு படிப்பு. அதற்குப் பின்தான் பந்து.

தோல்வியில் தொடக்கம்

1951ல் வாஷிங்டனில் உள்ள ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றில்தான் அவரது பயிற்றுநர் வாழ்க்கை தொடங்கியது. அங்கு அவர் பொறுப்பேற்ற பேஸ்பால் குழு, ஆடிய 16 ஆட்டங்களிலும் தோற்றது. ஆனாலும் சிறுவர்களோடு இருப்பதே தமது தொழில் என்று அவர் முடிவு செய்துவிட்டார். டிமாத்தாவில் பயிற்றுநராக மட்டுமல்ல, வரலாற்று ஆசிரியராகவும் வகுப்பெடுத்தார்.

டென்னிஸ் மட்டை வித்தை

நியூயார்க்கின் பவர் மெமோரியல் பள்ளியில் அப்போது லூ அல்சிண்டர் என்ற ஏழடி உயர மாணவர் ஆடிக்கொண்டிருந்தார். பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகப் புகழ் பெற்றவர் அவர்தான். 1964ல் அந்தப் பள்ளியிடம் டிமாத்தா மூன்று புள்ளிகளில் தோற்றது. அல்சிண்டர் மட்டும் 35 புள்ளிகள் எடுத்தார்.

அடுத்த ஆண்டு மீண்டும் மோதல். அந்த உயரத்துக்கு மேலே பந்தை எறிந்து பழகுவது எப்படி? பயிற்சியில் தம் மாணவர்கள் கையில் டென்னிஸ் மட்டையைக் கொடுத்து, தூக்கிப் பிடித்துத் தடுக்கச் சொன்னார் வூட்டன். மற்றவர்கள் அதற்கு மேலே எறிந்து பழகினார்கள். 1965 ஜனவரி 30ஆம் தேதி டிமாத்தா 46–43 என்று வென்றது. தொடர்ந்து 71 ஆட்டங்களில் தோல்வியே காணாத பவர் மெமோரியலின் ஓட்டம் அன்றோடு நின்றது.

பெஞ்சில் இருந்தவர்களுக்கும்

ஏட்ரியன் டான்ட்லி, டேனி ஃபெரி போன்ற அவரது மாணவர்கள் என்.பி.ஏ. வரை சென்றார்கள். அதைவிடப் பெரிய சாதனை ஒன்று உண்டு. 1961 முதல் 1990 வரை, அவரது குழுவில் இறுதியாண்டு முடித்த ஒவ்வொரு மாணவருக்கும் பல்கலைக்கழக உபகாரச் சம்பளம் கிடைத்தது. களத்தில் இறங்கியவர்களுக்கு மட்டுமல்ல, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும்!

1980ல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் அவரைப் பயிற்றுநராக அழைத்தது. பெரிய பதவி, பெரிய சம்பளம். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பள்ளியிலேயே இருந்தார். 1996ல் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பிறகும் பயிற்சிக்குத் திரும்பினார். 2000ல் நெய்ஸ்மித் கூடைப்பந்துப் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் இடம்பெற்றது. 2020 ஜனவரியில், 88ஆம் வயதில் காலமானார்.

நமக்கு என்ன?

எஸ்.பி.எம். ஆண்டு வந்ததும் பிள்ளையின் பந்தைப் பூட்டி வைக்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. போட்டி நெருங்கினால் பாடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் பயிற்றுநர்களும் உண்டு. இரண்டில் ஒன்றைத் தூக்கிப் போடத் தேவையில்லை, வரிசையைச் சரியாக வைத்தால் போதும் என்பதற்கு டிமாத்தாவின் 46 ஆண்டுகள் சாட்சி. அடுத்த முறை பள்ளிப் பயிற்றுநரைச் சந்திக்கும்போது, எத்தனை கோப்பை என்று மட்டும் கேட்காதீர்கள். ஆடி முடித்த பிள்ளைகள் இன்று எங்கே படிக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.