குழந்தைக்காகக் கூடும் குடும்பம்

பெற்றோரால் தம் குழந்தையைப் பாதுகாப்பாக வளர்க்க இயலாத நிலை ஏற்பட்டால், அக்குழந்தையின் எதிர்காலத்தை முடிவு செய்ய வேண்டியவர் யார்? அதிகாரியா, நீதிமன்றமா, உறவினரா? நியூசிலாந்து நாடு கண்ட விடையை நீங்கள் அறிந்துகொள்வது நலம்.

அந்நாட்டின் தொல்குடியினரான மாவோரி மக்களிடையே, குழந்தை தாய் தந்தையருக்கு மட்டும் உரியதன்று. விரிந்த குடும்பம் முழுமைக்கும் உரியது. அரசின் நலத்துறையோ அக்குழந்தைகளை உறவுகளிடமிருந்து பிரித்து, அந்நியர் வீடுகளிலும் விடுதிகளிலும் சேர்த்து வந்தது. 1986-இல் ஜான் ரங்கிஹாவ் தலைமையிலான குழு இப்போக்கைக் கண்டித்தது. 1989-இல் புதிய சட்டம் பிறந்தது.

அச்சட்டப்படி, ஒருங்கிணைப்பாளர் ஒருவர் பாட்டன், பாட்டி, மாமன், சிற்றன்னை என உறவினரை ஒன்றுகூட்டுகிறார். முதலில் அதிகாரிகள் தாம் அறிந்தவற்றை எடுத்துரைப்பர். பின்னர் அவர்கள் வெளியேற, குடும்பத்தார் தனித்திருந்து கலந்து பேசி ஒரு திட்டம் வகுப்பர். உடன்பாடு காண இயலாவிடில் விவகாரம் நீதிமன்றம் வரை செல்லக்கூடும். குழந்தையின் நலனுக்கு ஊறு விளைவிப்பார் எனக் கருதப்படுபவரைக் கூட்டத்திலிருந்து விலக்கவும் ஒருங்கிணைப்பாளருக்கு அதிகாரம் உண்டு.

எனினும் சட்டத்தால் மட்டும் குறை தீர்ந்துவிடவில்லை. மாவோரிக் குழந்தைகள் மிகுதியாகப் பிரிக்கப்பட்டு வருவதை வைத்தாங்கி நடுவர் மன்றம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை சுட்டிக்காட்டியது. உறவினரை அழைப்பது வேறு. அவர்களை நம்பிப் பொறுப்பை ஒப்படைப்பது வேறு.

வாசகர்களே! ஆலோசனை நமக்குப் புதிதன்று. குழந்தையின் பால்குடியை நிறுத்துவதைக் கூடப் பெற்றோர் இருவரின் மனமொப்பிய ஆலோசனையோடு இணைத்தே திருக்குர்ஆன் (2:233) பேசுகிறது. நம் இல்லங்களிலும் சிக்கல் எழும்போது நன்னா, சாச்சா, மாமி என அனைவரும் கூடுகிறோம். ஜமாஅத் பெரியோரையும் அழைக்கிறோம். ஆனால் அங்கே நாம் பேசுவது குழந்தையைப் பற்றியா, குடும்ப மானத்தைப் பற்றியா? மானத்தைக் காக்க உண்மையை மூடி மறைக்கும் கூட்டம், தீங்கிழைத்தவருக்கே அரணாகும். குழந்தைக்கு ஆபத்து நேருமெனில், 1098 என்ற எண்ணில் உதவி கோரத் தயங்காதீர்கள்.

அடுத்த முறை கூடும்போது மூன்று வினாக்களுக்கு விடை காணுங்கள். குழந்தை எவர் வீட்டில் உறங்கும்? பள்ளிச் செலவை ஏற்பவர் யார்? வாரந்தோறும் சென்று பார்த்து வருபவர் யார்? விடைகளைப் பெயருடன் எழுதி வையுங்கள். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்று கலைந்து செல்லும் கூட்டத்தில், இறுதியில் எவரும் பார்ப்பதில்லை. பேசி முடித்ததும் குழந்தையையும் அருகில் அழைத்து, அதன் விருப்பத்தைக் கேளுங்கள்.