பிழையும் மறைப்பும்

நோயுற்றவன் குணமடையும் பொருட்டுத் தன் சரீரத்தை வைத்தியரிடம் ஒப்புவிப்பது உலக வழக்கம். ஆனால், ஒரு புது மருந்து நன்மை செய்யுமா, தீமை செய்யுமா என்பதைப் பிறர் அறியும் பொருட்டுத் தன் சரீரத்தை ஒருவன் முன்வந்து அளிப்பானாயின், அது தானமேயாகும். அத்தானத்தை ஏற்கும் ஆராய்ச்சியாளர், மருந்தின் அளவு இவ்வளவு, கொடுக்கும் நாள் இன்னது, சேர்க்கத் தகாதவர் இன்னார் என்பனவற்றையெல்லாம் முன்னதாகவே எழுதி, நெறிக்குழுவின் அங்கீகாரம் பெற்று, அதன் சாரத்தை அவனுக்கு விளக்கிக் கையொப்பமும் வாங்குகிறார். வைத்தியர்கள் புரோட்டோகால் என்று வழங்கும் இத்திட்டப் பத்திரம், நமது அபிப்பிராயத்தில், இரு தரப்பினரையும் கட்டுப்படுத்தும் ஓர் உடன்படிக்கையாகும். அவ்வுடன்படிக்கை மீறப்படுமாயின் செய்யத்தக்கது யாது?

மீறுதலே நேராத ஆராய்ச்சி உலகில் இல்லை. அறுவடைக் காலத்தில் நோயாளி குறித்த நாளில் வாரான். இரத்தம் எடுக்கும் நேரம் தவறும். மருந்து வைத்த குளிர்ப்பெட்டி பழுதடையும். இவையும், சேர்க்கத் தகாத ஒருவரைச் சேர்த்துவிடுவதும், சம்மதம் பெறாமலே மருந்து கொடுப்பதும் ஒரே தரத்தனவாகா. நோயாளியின் உயிருக்கோ, உரிமைக்கோ, ஆராய்ச்சி முடிவின் உண்மைக்கோ ஊறு விளைக்கும் மீறுதல் எதுவோ அதுவே பெரிது; ஏனையவை சிறியன. உடனடியாக நேரும் அபாயத்தினின்று நோயாளியைக் காப்பதற்காக வைத்தியர் முன் அனுமதியின்றியே திட்டத்தை விட்டு விலகலாம் என்று சர்வதேச நல்லாராய்ச்சி விதிகளும் இடங்கொடுக்கின்றன. ஆனால் விலகியபின் காரணத்தை எழுதி, உடனே அறிவித்தல் வேண்டும்.

2020-ஆம் வருஷத்தில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையார் நடத்திய கொரோனா தடுப்பூசிப் பரிசோதனையை நேயர்கள் மறந்திரார்கள். நம் தேசத்தில் கோவிஷீல்டு என்ற பெயரில் கோடிக்கணக்கானோர் போட்டுக்கொண்ட ஊசி அது. இங்கிலாந்தில் நடந்த அப்பரிசோதனையில், மருந்தின் செறிவை அளக்கும் இரு முறைகள் வேறுபட்ட கணக்குக் காட்டியதன் விளைவாக, ஒரு பகுதியினர் முதல் ஊசியில் ஏறக்குறையப் பாதியளவே பெற்றனர். ஆராய்ச்சியாளர் இதனை மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளிடம் அறிவித்தனர், திட்டம் திருத்தப்பட்டது, அப்பகுதியினர் தனிப் பிரிவாகத் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். இதுவரை முறையானதே.

ஆனால், அவ்வருஷம் நவம்பர் 23-ஆந் தேதி முடிவு வெளியானபோது, முழு அளவு இருமுறை பெற்றோரிடம் 62 சதவீதமும், பாதியளவில் தொடங்கியோரிடம் 90 சதவீதமும், சராசரியாக 70 சதவீதமும் பயன் விளைந்ததாகக் கூறப்பட்டது. பாதியளவு பெற்றோரில் 55 வயதைக் கடந்தவர் எவருமில்லை என்பது பின்னரே தெளிவாயிற்று. இரு ஊசிகளுக்கும் இடையே சென்ற காலமே வேற்றுமைக்குக் காரணமாகலாமென்ற விளக்கமும் பிற்பாடு வந்தது. பாதியளவு பெற்ற தொண்டர் சுமார் 1,500 பேருக்கு ஜூன் மாதம் எழுதிய கடிதத்தில் நேர்ந்தது ஒரு பிழை என்ற சொல்லே காணப்படவில்லையென்று 2021 பிப்ரவரியில் ராய்ட்டர் வெளியிட்டது. அதிகாரிகளுக்குச் சொல்லியாயிற்று, சரீரத்தை அளித்தவனுக்கு மட்டும் ஏன் தெளிவாகச் சொல்லவில்லை? நேர்ந்ததைப் பிழையென்று முதலிலேயே ஒப்புக்கொண்டிருந்தால், உலகெங்கும் எழுந்த ஐயத்தில் பெரும்பங்கு எழுந்தேயிராது.

இதற்கு மாறான உதாரணம் ஸ்பெயின் தேசத்தில் உண்டு. ஆலிவ் எண்ணெயும் கொட்டைப் பருப்பும் சேர்ந்த மத்தியதரைக்கடல் உணவு இருதய நோயைத் தடுக்குமாவென்று 7,447 பேரிடம் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2013-இல் வெளியாயிற்று. சீட்டுக் குலுக்கினாற்போல் ஒவ்வொருவரையும் தனித்தனியே பிரிவுகளில் சேர்க்கவேண்டுமென்பது திட்டம். ஆயினும், ஓரிடத்தில் வைத்தியசாலை முழுவதற்கும் ஒரே உணவு ஒதுக்கப்பட்டது. வேறு சில இடங்களில் ஒரே குடும்பத்தினர் ஒரே பிரிவில் சேர்க்கப்பட்டனர். ஜான் கார்லைல் என்ற ஆங்கிலேய வைத்தியர் 2017-இல் வெளியிட்ட கணித ஆராய்ச்சி ஐயத்தைக் கிளப்பவே, ஆசிரியர்கள் தங்கள் ஏடுகளைத் தாமே புரட்டிப் பார்த்தனர். 2018-இல் பழைய கட்டுரையை வாபஸ் பெற்று, மீறுதல்களை விவரித்து, கணக்கை மீண்டும் போட்டு, முடிவின் வாசகத்தையும் அடக்கமாக்கி வெளியிட்டனர். அவர்கள் மானம் குறைந்ததென்று நாம் கருதவில்லை.

நீதிமன்றம் அறிந்தவர்க்கு இது புதிதன்று. பத்திரத்தில் அடித்தலும் திருத்தலும் இருப்பின், எழுதிக்கொடுத்தவர் அவ்விடத்தில் கையொப்பமிட்டிருந்தாலன்றிப் பதிவு செய்ய மறுக்கலாமென்று 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் அதிகாரிக்கு உரிமை தருகிறது. திருத்தியது குற்றமன்று, சுரண்டி மறைத்ததே சந்தேகத்திற்கிடம். ஆராய்ச்சி ஏட்டுக்கும் இதுவே நியாயம். நேர்ந்ததை நேர்ந்த அன்றே எழுதுக, காரணத்தை ஆராய்க, பெரிதாயின் நெறிக்குழுவுக்கும் நோயாளிக்கும் அறிவிக்குக, மீண்டும் நேராதபடி வழி தேடுக. திட்டம் தவறியோரையெல்லாம் கணக்கினின்று நீக்கிவிட்டு, எஞ்சியோரை மட்டும் காட்டி மருந்தைப் புகழ்வது கூடாது; எப்பிரிவில் சேர்க்கப்பட்டனரோ அப்பிரிவிலேயே அவர்களை வைத்து எண்ணுதல் வேண்டும்.

நம் தேசத்தின் 2019-ஆம் வருஷத்துப் புது மருந்து விதிகள், திட்டத்தை மீறியதால் நோயாளிக்கு நேரும் கேட்டை நஷ்டஈட்டுக்குரிய காரணங்களுள் ஒன்றாக வைத்திருக்கின்றன. இது சாலவும் நன்று. ஆனால் சட்டத்தின் அச்சம் மட்டும் போதாது. பிழையைச் சொன்ன இளம் வைத்தியரைத் தண்டித்து, பிழையே இல்லையென்று எழுதியவரை மெச்சும் வைத்தியசாலையில் ஏடுகள் வெகு சுத்தமாயிருக்கும். உண்மைதான் அங்கே இராது. ஒரு மீறுதலும் காணாத நீண்ட ஆராய்ச்சி ஏட்டைக் கண்டால் நெறிக்குழுவினர் மகிழாது, ஐயுறக் கடவர்.

கையொப்பமிட்டவன் ஏழையாயிருக்கலாம், பத்திரத்தின் பாதி அவனுக்கு விளங்காமலும் இருக்கலாம். அவன் நம்பியது பத்திரத்தையன்று, வைத்தியர் சொல்லை. அச்சொல் தவறிய நாளில் அதனை முதலில் அறியும் உரிமை அவனுக்கே உண்டு.