கல்லில் எண்ணெய்

கல்லில் நார் உரிப்பது ஆகாத காரியம் என்பது நம்மவர் பழமொழி. கல்லிலிருந்து எண்ணெய் எடுப்பதையோ எஸ்தோனியா என்னும் சிறு தேசம் தொழிலாகவே நடத்தி வருகிறது. களிப்பாறைக்குள் எண்ணெய் ஊறிக் கிடக்கிறதென்றும் பிழிந்தால் வடியுமென்றும் பலர் எண்ணுகிறார்கள். இது தவறு. பாறையிலிருப்பது கெரோஜன் என்னும் கெட்டிப் பொருள்; சுமார் 46 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் எச்சம். அது திராவகங்களில் கரைவதில்லை. அதை எண்ணெயாக்குவது உஷ்ணமே.

காற்றை விலக்கி, வாலையிலிட்டுச் சுமார் 500 டிகிரி சென்டிகிரேடு வரை காய்ச்சினால் கெரோஜனின் பெரிய மூலக்கூறுகள் உடைந்து ஆவியாகின்றன. குளிர்ந்த ஆவி எண்ணெயாகிறது. குளிராதது வாயுவாக நிற்கிறது. மிச்சக் கரி கல்லோடு ஒட்டிக்கொள்கிறது. நமது வைத்தியர்கள் குழித்தைலம் இறக்கும் முறையும் இதற்கு உறவுதான். சூடு மிஞ்சினால் நஷ்டம். எண்ணெயாவி மேலும் சிதைந்து வாயுவாகும். சுண்ணாம்புக்கல்லும் உடைந்து, உஷ்ணத்தை விழுங்கிக் கரியமிலவாயுவைக் கக்கும். நார்வா ஆலைகளில் அந்த மிச்சக் கரியைத் தனியே எரித்து, அதன் சுடுசாம்பலையே புதுப் பாறையோடு கலந்து காய்ச்சுகிறார்கள். மெச்சத்தக்க சிக்கனம்! ஸ்காட்லாந்தில் இதே தொழில் 1962-இல் மடிந்தது. கிணற்று எண்ணெயின் மலிவுக்கு முன் அது நிற்க முடியவில்லை.

ஆக, எண்ணெய் வேண்டுமா, வாயு வேண்டுமா என்பதை அடுப்பின் சூடு தீர்மானிக்கிறது. அச்சூட்டைத் தீர்மானிப்பவர் யார் என்பதே நமது கேள்வி. சோவியத் ஆட்சிக்கு லெனின்கிராடு நகரத்தின் அடுப்புகளுக்கு வாயு தேவைப்பட்டது. கோத்லா-யார்வேயில் வாயுவுக்கென்றே அடுப்புகள் எழுந்தன. 1948-இல் குழாய் வழியே வாயு லெனின்கிராடு சென்றது. எஸ்தோனியாவின் சொந்தத் தலைநகரான தாலினுக்கு அது கிட்டியது 1953-இல்தான்! பாறை யாருடையது, பந்தியில் முதலில் உட்கார்ந்தவர் யார் என்பதை நேயர்கள் கவனிப்பார்களாக.

வாயு போயிற்று, கழிவு போகவில்லை. பாதி வெந்த கரிக்கல் கோத்லா-யார்வேயில் மேடுமேடாகக் குவிந்தது. பினால் முதலிய நச்சுப் பொருள்கள் அதிலிருந்து நீரில் கசிந்தன. எஸ்தோனியா 1991-இல் மீண்டும் சுதந்திரம் பெற்றபோது அந்த மேடுகளும் சீதனமாக வந்தன. பின்னர் அவற்றைச் சீராக்கி மூடும் வேலைக்கு ஐரோப்பிய யூனியனின் பணத்தையும் நாட வேண்டியதாயிற்று.