முதிய நாய்க்கு முடி கொட்டினால்

பெரிய இன நாய்கள் ஏழு வயதிலும் சிறிய இனங்கள் பத்து வயதிலும் முதுமையைத் தொடுகின்றன. முதுமை முகத்து முடியை நரைக்க வைக்கும், பளபளப்பைக் குறைக்கும். ஆனால் திட்டுத்திட்டாகச் சொட்டை விழுந்தாலோ, தோல் தடித்துக் கருத்தாலோ, புண் ஆறாமல் போனாலோ அதற்கு ஒரு நோய் காரணமாக இருக்கும். அதைக் கண்டறிய முதலில் பார்க்க வேண்டியது, நாய் சொறிகிறதா இல்லையா என்பதைத்தான்.

சொறிந்து சொறிந்து முடி போயிருந்தால் பெரும்பாலும் பூச்சி, கிருமி அல்லது ஒவ்வாமைதான் காரணம். வாலுக்கு மேலே முதுகில் அரிப்பு என்றால் தெள்ளுப்பூச்சியைத் தேட வேண்டும். காது ஓரத்திலும் முழங்கையிலும் பொருக்கு தட்டினால் சொறிப்பூச்சி. இது வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றி அரிப்பைத் தரும். வட்டமாக முடி உதிரும் படர்தாமரையும் மனிதருக்குப் பரவும். சொறிந்த இடத்தில் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் பெருகினால் சீழும் நாற்றமும் சேரும். காஞ்சிபுரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையில் நாயின் உடல் ஈரம் காயாமல் இருப்பது இதற்கு இன்னும் வசதியாகிவிடுகிறது.

அரிப்பே இல்லாமல் விலாவின் இரு பக்கமும் ஒரே மாதிரி முடி உதிர்ந்தால் கோளாறு பெரும்பாலும் உடலுக்குள் இருக்கிறது. தைராய்டு சுரப்பு குறைந்த நாய் அதிகம் தின்னாமலே பருக்கும், சோர்ந்து படுத்திருக்கும், வால் முடி இழந்து மெலியும். குஷிங் நோயில் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் மிகுந்து, நாய் ஓயாமல் தண்ணீர் குடித்துச் சிறுநீர் கழிக்கும். வயிறு தொங்கும், தோல் மெலியும். அரிப்பை அடக்க அடிக்கடி போடப்படும் ஸ்டீராய்டு ஊசியாலும் இதே நிலை வரலாம். கருத்தடை செய்யாத ஆண் நாய்க்கு விரையில் கட்டி வந்தாலும் முடி கொட்டுவதுண்டு. முதுமையில் முதன்முறையாக டெமோடெக்ஸ் என்னும் நுண்பூச்சியால் சொறி வந்தால், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வேறொரு நோய் உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம்.

தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலான பூச்சிகள் தெரியும். படர்தாமரைக்கு முடியை எடுத்து வளர்ப்புச் சோதனை செய்கிறார்கள். ஹார்மோன் கோளாறை இரத்தப் பரிசோதனை காட்டும். தைராய்டு குறைவுக்கு லெவோதைராக்சின் மாத்திரை ஆயுள் முழுக்க வேண்டும். முடி முளைக்க மாதக்கணக்கில் ஆகும். சீழ்ப் புண்ணுக்குத் தரும் மருந்தை, புண் ஆறியதுபோல் தோன்றியதும் நிறுத்தினால் அது திரும்பி வரும்.

நாய் உடம்பை நக்கும் என்பதால், சொறிக்குப் பழைய என்ஜின் எண்ணெய், மண்ணெண்ணெய், பினாயில், கற்பூரம் கலந்த எண்ணெய் பூசுவது விஷமாகலாம். மனிதருக்கான ஷாம்புவும் சோப்பும் நாயின் தோலுக்கு ஏற்றவை அல்ல. மருத்துவர் தந்த மருந்து ஷாம்பு நுரையைப் பத்து நிமிடமாவது விட்டுக் கழுவி, விரலிடுக்கு வரை நன்றாகத் துவட்ட வேண்டும். உணவாக வெறும் தயிர்சாதமும் பால்சாதமும் போதாது. முடி புரதத்தால் ஆனது என்பதால் முட்டை, மீன், கோழி போன்றவையும் தேவை.

அரிப்பைத் தரும் உண்ணியையும் நாயின் மேல் மட்டும் ஒழித்தால் போதாது. வயிறு நிறைந்த பெண் உண்ணி கீழே இறங்கிச் சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். காஞ்சிபுரத்தில் குழித்தறி போட்ட பழைய நெசவாளர் வீடுகளில் விரிசலும் இருட்டு மூலையும் அதிகம். அவற்றைப் பூசி அடைத்து, படுக்கைத் துணியை வெந்நீரில் துவைக்க வேண்டும். உண்ணி, சொறி மருந்துகளின் அளவை நாயின் எடையைப் பார்த்து மருத்துவரே சொல்ல வேண்டும். ஐவர்மெக்டின் என்ற சொறி மருந்து கோலி இன நாய்களில் சிலவற்றுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம்.

அரசு கால்நடை மருத்துவமனையில் முதல் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். சிக்கலான நோய்க்குச் சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செல்லும்போது இதுவரை போட்ட ஊசி, தந்த மாத்திரை விவரங்களை எழுதி எடுத்துச் செல்லுங்கள். முதலில் வந்தது அரிப்பா, சொட்டையா என்பதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.